வீட்டுக்கு ஆயா, ஊருக்கு டீச்சர்: நினைவு மலர் போடுகிறவர்களுக்கு

வட ஆர்க்காட்டுப் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். அந்த ஆயா பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவராக இருந்தால் தெருவுக்கு அவர் டீச்சரம்மா, பேரப்பிள்ளைகளின் சேக்காளிகளுக்கு டீச்சராயா. அவர் போய்ச் சேர்ந்த பதினாறாம் நாள் படம் திறக்கிறார்கள். தலைதிவசத்துக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். குடியாத்தமோ ஆம்பூரோ வாலாஜாவோ, எந்த ஊர் மலரைப் புரட்டினாலும் நடுவில் பத்துப் பக்கம் ஒரே மாதிரிதான் இருக்கும். அன்பே உருவானவர், கண்டிப்புக்குப் பெயர் போனவர், பல்லாயிரம் பிள்ளைகளுக்கு ஒளியேற்றியவர். பெயரை மாற்றினால் பக்கத்துத் தெரு டீச்சருக்கும் அப்படியே பொருந்தும்.

எழுதுகிறவர்களுக்கு அன்பில் குறைச்சல் இல்லை. வீட்டாருக்கு ஆயாவைத் தெரியும், வகுப்பறைக்குள் அவர் என்ன செய்தார் என்று தெரியாது. படித்த பிள்ளைகளுக்கு டீச்சரைத் தெரியும், அவர் எத்தனை மணிக்கு எழுந்து அடுப்புப் பற்ற வைத்துவிட்டுப் பள்ளிக்கு வந்தார் என்று தெரியாது. இரண்டு பேரும் தனித்தனியாக எழுதி அச்சகத்தில் கொடுத்துவிடுகிறார்கள். இந்த இரண்டு பாதியையும் சந்திக்க வைப்பதுதான் மலர் போடுகிறவரின் வேலை, அதற்கு ஒரு வருஷம் தேவைப்படும். பதினாறாம் நாளுக்குள் முடிக்க நினைப்பது வீண். அன்றைக்கு ஒரு படம், பிறந்த தேதி, மறைந்த தேதி போட்ட ஒற்றைத் தாள் போதும். காரியத்துக்கு வந்தவர்களிடம் ஒரு நோட்டை நீட்டி, பெயர், எந்த வருஷம் எந்த வகுப்பில் படித்தார், போன் நம்பர் மூன்றையும் எழுதி வாங்கிவிடுங்கள். இவ்வளவு பழைய மாணவர்கள் ஒரே இடத்தில் இனிக் கூடமாட்டார்கள்.

முதலில் காகிதம். பணிப்பதிவேடு, அதாவது எஸ்.ஆர். புத்தகம், ஒரு ஆசிரியரின் முழு வேலை வாழ்க்கையையும் வரிசையாகச் சொல்லும். எந்தத் தேதியில் எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ந்தார், எப்போது மாறுதல், எப்போது பிரசவ விடுப்பு எல்லாம் அதில் இருக்கும். வீட்டில் நகல் இல்லாவிட்டால் பென்ஷன் புத்தகத்தைத் தேடுங்கள். கடைசியாக வேலை பார்த்த இடமும் ஓய்வு பெற்ற தேதியும் அதிலிருந்து கிடைக்கும், மற்றதை அங்கிருந்து பின்னோக்கிப் பிடிக்கலாம். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் விசாரிக்க வேண்டிய இடம் வட்டாரக் கல்வி அலுவலகம். பழைய ஆர்க்காடு மிஷன் பள்ளிகளில் பலவும் இன்று சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வேலூர்ப் பேராயத்தின் கீழ் இருப்பதால், அங்கே வேலை பார்த்தவர் என்றால் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். நகராட்சிப் பள்ளி என்றால் விசாரிக்கும் இடம் வேறு.

தேடும்போது முதலில் இடறுவது இனிஷியலில்தான். அந்தத் தலைமுறைப் பெண்களின் படிப்புச் சான்றிதழ்களில் அப்பா பெயரின் முதலெழுத்து இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு பலரும் கணவர் பெயருக்கு மாறினார்கள். சம்பளப் பட்டியலில் ஒன்று, பயிற்சிச் சான்றிதழில் இன்னொன்று என்று ஒரே ஆள் இரண்டு ஆளாக நிற்பார். ‘அந்தப் பெயரில் யாரும் இல்லை’ என்று பதில் வந்தால் உடனே திரும்பி வராதீர்கள். மற்ற இனிஷியலையும் சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

அடுத்த இடறல் பிறந்த தேதி. பள்ளிப் பதிவேட்டில் ஜூன் 1 என்று இருந்தால் அது பெரும்பாலும் தலைமை ஆசிரியர் வைத்த பிறந்தநாள். தலைக்கு மேலே கையைச் சுற்றி மறுபக்கக் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்டு, ஜூனிலிருந்து பின்னால் எண்ணி ஒரு தேதி போட்டுவிடுவார்கள். வீட்டில் ஜாதகம் இருந்தால் ஒத்துப் பாருங்கள். உதாரணமாக, ஜாதகத்தில் ஈஸ்வர வருஷம் தை மாதம் என்று இருக்கிறது. ஈஸ்வர வருஷம் 1937 சித்திரையில் பிறந்தது என்பதால் பலரும் 1937 என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த வருஷத்துத் தை வருவது 1938 ஜனவரியில். தமிழ் வருஷத்தின் தை, மாசி, பங்குனி மூன்றுக்கும் ஆங்கில வருஷத்தில் ஒன்று கூட்ட வேண்டும், மார்கழியின் பிற்பாதிக்கும் அப்படித்தான்.

இதே ஆயாவுக்குப் பள்ளியில் 1.6.1937 என்று போட்டிருந்தால், அன்றைய ஓய்வு வயதான 58 கணக்கில் அவர் 31.5.1995 அன்று ஓய்வு பெற்றிருப்பார். நிஜத் தேதி பதிவாகியிருந்தால் 1996 ஜனவரியில்தான் 58 நிரம்பும். கல்வியாண்டு முடியும்வரை ஆசிரியர்களுக்கு நீட்டிப்பு உண்டு என்பதால் அந்த வருஷம் மே மாதம் வரை போயிருப்பார். காதைத் தொட்ட அந்த ஒரு நாளுக்கு விலை ஒரு வருஷச் சம்பளம். மலரில் இரண்டு தேதியையும் போடுங்கள், ‘பதிவேட்டில் இது, ஜாதகத்தில் இது’ என்று. ஒன்றை மறைத்தால் பின்னால் பேத்தி யாராவது கணக்குப் போட்டுக் குழம்புவாள்.

படிப்பை எழுதும்போதும் இன்றைய கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். ‘ஆயா அந்தக் காலத்துப் பிளஸ் டூ’ என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்ததே 1978இல். அதற்கு முன் 11ஆம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. எட்டாம் வகுப்போடு இ.எஸ்.எல்.சி. என்ற பொதுத்தேர்வை எழுதிவிட்டு ஆசிரியர் பயிற்சிக்குப் போனவர்கள் ஹையர் கிரேடு, எஸ்.எஸ்.எல்.சி. முடித்து இரண்டு வருஷம் பயிற்சி பெற்றவர்கள் செகண்டரி கிரேடு. பெயர் எப்படி இருந்தாலும் செகண்டரிதான் மேல்படி. சம்பளம் வேறு, மரியாதையும் கொஞ்சம் வேறு. ஹையர் கிரேடில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே தனியாகப் பரீட்சை எழுதி மேலே வந்தவர்கள் உண்டு. வீட்டில் இதை யாரும் சாதனையாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். எஸ்.ஆர். புத்தகத்தில் ஒரு வரியில் கிடக்கும்.

பள்ளியின் பெயரும் அப்படித்தான். 1950களில் சேர்ந்தவருக்கு அது ஜில்லா போர்டு ஸ்கூல். 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு அதே கட்டடம் பஞ்சாயத்து யூனியன் ஸ்கூல் ஆனது. 1981 ஜூனில் யூனியன் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். மாவட்டக் கதை இன்னும் சிக்கல். 1989இல் வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிந்து போளூர், ஆரணி, செய்யாறு எல்லாம் திருவண்ணாமலைப் பக்கம் போயின. 2019இல் மறுபடி பிரிந்ததில் ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் இராணிப்பேட்டைக்கும் ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்கும் போயின. ஆரணியில் தொடங்கி ஆம்பூரில் முடித்த ஒரு டீச்சர் மாவட்டம் தாண்டியதே இல்லை. இன்றைய வரைபடத்தில் பார்த்தால் இரண்டு மாவட்டத்தில் வேலை பார்த்தவர். அன்றைய பெயரை எழுதிவிட்டு, இன்றைய மாவட்டத்தை ஒரே ஒரு இடத்தில் அடைப்புக்குறிக்குள் காட்டினால் போதும்.

இனி டிரங்குப் பெட்டி. ரசீது, இன்லண்ட் லெட்டர், பால் கணக்கு நோட்டு, பாடக்குறிப்பு நோட்டு என்று எல்லாம் கலந்து கிடக்கும். ராமபாணப் பூச்சி அரித்திருந்தால் உதறாதீர்கள். நிழலில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது, பழைய பேனா மை தண்ணீர் பட்டதும் ஓடிவிடும். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டினால் சில வருஷத்தில் அது மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துக் கறையாக்கும். கிழிந்தபடியே ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். லேமினேஷன் செய்யலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். வேண்டாம், ஒட்டியதைப் பிரிக்க முடியாது.

வீட்டார் தூக்கிப் போடப் பார்ப்பது பாடக்குறிப்பு நோட்டைத்தான். மலருக்கு அதைவிட நல்ல பக்கம் கிடையாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நோட்டு என்றால் ‘மலை’ என்ற சொல்லை உற்றுப் பாருங்கள். லகரத்தின் தலையில் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு எழுந்து நிற்கும், இன்றைய இணைக்கொம்பு இருக்காது. ணா, றா, னா மூன்றும் துணைக்கால் இல்லாமல் கீழே சுருண்டிருக்கும். வருஷம் போடாத நோட்டுக்கு வயது சொல்லவும் இது உதவும். ஆனால் ஒரு எச்சரிக்கை: சீர்திருத்தம் வந்த பிறகும் டீச்சர்கள் கரும்பலகையில் புது எழுத்தும் வீட்டு மளிகைச் சீட்டில் பழைய எழுத்துமாக எழுதியிருக்கிறார்கள். மளிகைச் சீட்டில் துதிக்கை இருப்பதை மட்டும் வைத்து 1978க்கு முந்தையது என்று முடிவு கட்டாதீர்கள். இந்தப் பக்கத்தை டைப் செய்யவும் வேண்டாம். படமாகவே போடுங்கள், 600 டி.பி.ஐ. நுணுக்கத்தில் ஸ்கேன் எடுத்து.

போட்டோக்களுக்கும் அதே 600தான், பாஸ்போர்ட் சைஸ் என்றால் 1200. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட பழைய ஸ்டுடியோ படத்தைப் பிய்த்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புக் குரூப் போட்டோ கிடைத்தால் அதிர்ஷ்டம். பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு, மேலே டிரேசிங் பேப்பர் வைத்து, ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண் எழுதுங்கள். அந்தத் தாளோடு ஊருக்குள் போனால் ஒருவர் நாலு பெயர் சொல்வார், அந்த நாலு பேரில் ஒருவர் இன்னும் பத்துப் பெயர் சொல்வார். போட்டோவின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் புடைக்கும், மென்மையான பென்சில் போதும்.

மாணவர்களைத் தேடுவதில் ஒரு வரிசை உண்டு. மூத்தவர்களிடம் முதலில் போக வேண்டும். இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த டீச்சருக்கும் அவருடைய முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பத்து வயதுதான் வித்தியாசம், அவர்கள் இப்போது எண்பதை நெருங்குகிறார்கள். பெண் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது சிரமம், கல்யாணமாகி வேறு ஊர் போயிருப்பார்கள். அவர்கள் தாய்வீட்டுக்கு வரும் நாளைப் பார்த்துப் போங்கள். குடியாத்தம் என்றால் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, எங்கே இருந்தாலும் வந்துவிடுவார்கள். வேலூர்ப் பக்கம் மயானக் கொள்ளை, முருகன் கோயில் ஊர்களில் ஆடிக் கிருத்திகை. திருவிழாவுக்கு மறுநாள் காலை பத்து மணி நல்ல நேரம்.

கேட்கும் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. ‘டீச்சர் எப்படிப்பட்டவங்க?’ என்று கேட்டால் ‘ரொம்ப நல்லவங்க’ என்று பதில் வரும், பேச்சும் அங்கேயே முடியும். இப்படிக் கேளுங்கள்: பலகைக்கு எந்தப் பக்கம் நிற்பார்கள்? உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? சிலேட்டு உடைந்த பிள்ளை என்ன செய்யும்? பலகைக்குக் கரி பூசுவது யார் வேலை? கடைசிக் கேள்விக்கு அநேகமாக முகம் மலரும். கரித்தூளோடு ஊமத்தை இலையையோ கோவை இலையையோ அரைத்துப் பூசியது, கையெல்லாம் பச்சையும் கருப்புமாக வீட்டுக்குப் போய் அடி வாங்கியது என்று தானாகக் கொட்டும். ஓராசிரியர் பள்ளியாக இருந்தால் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் எப்படி உட்கார வைத்தார் என்று தரையில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றும் இரண்டும் ஒரு பக்கம் மணலில் எழுத, மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்ல, ஐந்தாம் வகுப்புச் சட்டாம்பிள்ளை நாலாம் வகுப்புக்குச் சொல்வதெழுதுதல் வைக்க, நடுவில் டீச்சர். அந்தப் படத்தை அப்படியே மலரில் வரைந்து போடலாம். அகரவரிசைப்படி எழுத்துச் சொல்லிக் கொடுத்தாரா, ட, ப, ம என்று கோட்டெழுத்தில் தொடங்கிப் ‘படம்’, ‘பட்டம்’ என்று போனாரா என்பதையும் கேளுங்கள். ஒரு டீச்சரின் கைப்பக்குவம் அதில்தான் தெரியும்.

பதிவுக்குப் போன் போதும். வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் துணி மேல் வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், நாற்பது நிமிஷத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு ஆள் பிடியுங்கள்.

எழுத்தாக்கும்போது நம் பக்கத்துக்கே உரிய ஒரு சங்கடம் வரும். வட ஆர்க்காட்டுப் பேச்சில் ழகரம் யகரமாகிவிடும், வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆகும். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசிவிட்டு வந்த பிள்ளைகளுக்கு அது இன்னும் தூரம். நாக்கை மடித்து ழகரம் சொல்ல வைப்பதற்கு ஆரம்பப் பள்ளி டீச்சர்கள் செலவழித்த நேரத்துக்குக் கணக்கே இல்லை. அறுபது வயது மாணவர் ஒருவர் ‘டீச்சர்தான் எனக்குப் பயம் சொல்லக் கத்துக்குடுத்தாங்க’ என்று சொன்னால், அதைப் ‘பழம்’ என்று திருத்தினால் நகைச்சுவை போய்விடும், அப்படியே விட்டால் அச்சம் என்று அர்த்தமாகும். மேற்கோளுக்குள் பேச்சை அப்படியே விட்டு, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் எழுத்துத் தமிழைக் கொடுங்கள். இன்னொன்று, வீட்டாரிடம் கேட்டால் சமையற்கட்டில் ஆயாவும் ‘பயம்’ என்றுதான் சொன்னார் என்பார்கள். இரண்டு பாதியும் சந்திக்கும் இடம் இது. இரண்டையும் ஒரே பக்கத்தில் போடுங்கள்.

அடித்தார் என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். வீட்டார் அதை வெட்டச் சொல்வார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பு பிரம்பு இல்லாத வகுப்பு அபூர்வம். வெட்டாமல், சொன்னவர் சொன்ன அளவில் போடுவதே சரி. அதேபோல ‘மத்த பிள்ளைங்களுக்கு நேரம் இருந்தது, எங்களுக்கு இல்ல’ என்று மகளோ மகனோ சொன்னால் அதுவும் இருக்கட்டும். எல்லோரும் புகழ்கிற மலரை ஒரு தடவைக்கு மேல் யாரும் புரட்டுவதில்லை.

சமையலுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள், ஒரே பண்டம் போதும். பள்ளிக்குக் கிளம்புமுன் கிண்டிய கேழ்வரகுக் களி என்றால், ‘கைப்பிடி நொய், ரெண்டு டம்ளர் மாவு’ என்று வீட்டில் சொல்வார்கள். அவருடைய டம்ளரையே எடுத்து மாவை நிரப்பித் தராசில் நிறுத்துக் கிராமில் எழுதுங்கள். வீட்டுக்கு வீடு டம்ளர் வேறு. பொதுவான அளவு, மாவு 1 டம்ளருக்கு நொய்யரிசி கால் டம்ளர், தண்ணீர் 3 டம்ளர். நொய் குழைய வெந்ததும் உப்புப் போட்டு, மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, துடுப்புக் காம்பால் குவியலில் ஒரு குழி குத்தி, மூடிச் சிறு தீயில் ஐந்து நிமிஷம் கிண்டாமல் விட வேண்டும். அவசரப்பட்டு முன்பே கிண்டினால் கட்டி தட்டும், உள்ளே பச்சை மாவு நிற்கும். பிறகு பாத்திரத்தைக் காலால் அண்டக் கொடுத்துக் கிண்டி, ஈரக்கை வைத்துப் பார்த்தால் ஒட்டக் கூடாது. மருமகள் இதைச் சொல்லும்போது கிண்டிக் காட்டச் சொல்லுங்கள். வாயால் சொல்லும்போது மறந்த பாதி, கை வேலை செய்யும்போது நினைவுக்கு வரும்.

அச்சு வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டெமி எட்டில் ஒன்று அளவு, உள்ளே 70 ஜி.எஸ்.எம். (காகிதத்தின் கனத்தைச் சொல்லும் அளவு) மேப்லித்தோ தாள், படங்களுக்கு மட்டும் 130 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பர், அட்டை 300. பக்க எண்ணிக்கை 16இன் மடங்காக இருந்தால் காகிதம் வீணாகாது. 64 பக்கம் வரை நடுவில் பின் அடிக்கலாம், அதற்கு மேல் போனால் முதுகு ஒட்டும் பைண்டிங். முந்நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல், மேலே போனால் ஆஃப்செட் கட்டுப்படியாகும். யூனிகோடில் டைப் செய்து கொடுத்ததை அச்சகத்தார் தங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ‘கௌ’, ‘ஸ்ரீ’, கொம்பு வைத்த எழுத்துகள் உடையும். புரூஃபில் முதலில் அவற்றைப் பாருங்கள், பிறகு எல்லா எண்களையும், கடைசியாக எல்லாப் பெயர்களின் இனிஷியலையும். முதல் பக்கத்தில் டாக்டர் ராதாகிருஷ்ணன் படம் போடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அவர் திருத்தணியில் பிறந்து வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்தவர், நம் பக்கத்துக்காரர் என்ற உரிமை நமக்கு உண்டுதான். இருந்தாலும் அந்தப் பக்கத்தில் டீச்சரின் பாடக்குறிப்பு வரட்டும்.

பிரதிகள் உறவுக்குள்ளேயே தீர்ந்துவிடாமல், அவர் வேலை பார்த்த ஒவ்வொரு பள்ளிக்கும் இரண்டு, ஊர் நூலகத்துக்கு ஒன்று என்று முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். கடைசி நான்கு பக்கத்தை அச்சிடாமல், இரட்டைக்கோடு நோட்டைப் போலக் கோடு மட்டும் போட்டு விடுங்கள். விழா முடிந்த வாரமே போன் வரும், ‘குரூப் போட்டோவுல பதினேழாம் நம்பர் நான் இல்ல, என் தங்கச்சி’ என்று. திருத்தி எழுதிக்கொள்ள இடம் வேண்டும்.